பன்னிரண்டு சிவப்புத் தேதிகள்

வருஷக் கடைசியில் அடுத்த வருஷத்துக்கான பணிப்பட்டியல் போடுவது என் பொறுப்பு. ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் தலைமைச் செவிலியாக இருக்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல, இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். கிறிஸ்துமஸானாலும் தீபாவளியானாலும் புயல் எச்சரிக்கையானாலும் அந்தக் கணக்கு மாறாது. ஆகவே முதலில் அரசு விடுமுறைகளைச் சிவப்பு மையில் குறித்துவிட்டு, அன்றைக்கு யார் இயந்திரத்தருகே நிற்பது, யார் குடும்பத்தோடு இருப்பது என்று எழுத ஆரம்பிக்கிறேன்.

மொத்தம் 12 தேதிகள். ஜனவரி 1, மே 1, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த மே 8, தேசிய நாளான ஜூலை 14, முதல் உலகப்போர் ஓய்ந்த நவம்பர் 11 ஆகிய ஐந்தும் குடியரசின் நாட்கள். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள், இயேசு விண்ணேறிய வியாழன், பெந்தகொஸ்தே திங்கள், மாதா விண்ணேற்பு நாளான ஆகஸ்ட் 15, புனிதர் அனைவரின் நாளான நவம்பர் 1, கிறிஸ்துமஸ் ஆகிய ஆறும் திருச்சபையின் நாட்கள். இந்தப் பதினொன்றும் பிரான்ஸ் முழுவதற்கும் பொது. பன்னிரண்டாவது இந்தத் தீவுக்கே உரியது: டிசம்பர் 20, அடிமை முறை ஒழிந்த நாள்.

இந்தத் தீவில் கோயிலும் மசூதியும் சீனக் கோயிலும் தேவாலயமும் ஒரே தெருவில் இருக்கக் காணலாம். சேன் தெனி நகரின் நூர்-எ-இஸ்லாம் மசூதி 1905-இல் திறக்கப்பட்டது. பிரான்ஸ் மண்ணின் மிகப் பழைய மசூதிகளில் அது ஒன்று. சேன் அந்த்ரே, சேன் போல், சேன் பியேர் என்று தமிழ்க் கோயில் இல்லாத கரையோர ஊரைக் காண்பது அரிது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், பாஞ்சாலி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். அவற்றில் எதற்கும் சிவப்புத் தேதி கிடையாது. எந்த மதத்தையும் அங்கீகரிப்பதில்லை என்று சட்டம் எழுதிவைத்த அரசு, ஆண்டுக்கு ஆறு நாள் ஒரே மதத்தின் நாட்காட்டிப்படி ஓய்கிறது. இது நியாயமா என்று என் பிரிவின் இளம் செவிலிகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அடியில் எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு நாளைப் புனித நாளாக்குவது எது? அரசு தரும் விடுப்பா, மனிதர் செய்யும் நோன்பா?

நான் பிறந்தது காரைக்காலில். தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசும் மாம்பழத்துக்குக் கை நீட்டி வளர்ந்தவள் நான். மஸ்தான் சாகிப் கந்தூரிக் கொடி ஊர்வலமும் மாதா கோயில் தேரும் எங்கள் ஊருக்குப் பொது. அதனால் பல பண்டிகைகள் ஒரே தெருவில் வாழ்வது எனக்குப் புதிதில்லை. அவற்றை அரசு எப்படி எண்ணுகிறது என்பதைத்தான் இங்கே வந்து யோசிக்கத் தொடங்கினேன்.

திருச்சபையின் அந்த ஆறு நாட்களும் எப்படி வந்தன என்று பார்த்தால் முதல் தெளிவு கிடைக்கும். பழைய அரசர் காலத்தில் பிரான்சில் வேலை செய்யக்கூடாத பண்டிகைகள் ஏராளம். புரட்சி அவற்றைத் துடைத்தெறிந்தது. பின்னர் நெப்போலியன் போப்பாண்டவருடன் உடன்படிக்கை செய்துகொண்டபோது, 1802-இல் நான்கே நான்கு பண்டிகைகளை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தள்ளினார்கள். கிறிஸ்துமஸ், விண்ணேற்றம், மாதா விண்ணேற்பு, புனிதர் அனைவர் நாள் ஆகியவையே அந்த நான்கு. ஈஸ்டர் திங்களையும் பெந்தகொஸ்தே திங்களையும் சேர்த்தது திருச்சபை அல்ல. பள்ளிக்கூடத்திலிருந்து மதத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த அதே குடியரசுதான் 1886-இல் அவற்றுக்குச் சட்டம் போட்டது. 1905-இல் அரசும் சபையும் பிரிந்தன. அந்தப் பிரிவினைச் சட்டம் 1911-இல் ரீயூனியனுக்கும் வந்தது. விடுமுறைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இன்னொரு சான்றும் உண்டு. பிரான்சின் கிழக்கு எல்லையில் அல்சாஸ், மொசெல் பகுதிகளில் பெரிய வெள்ளியும் டிசம்பர் 26-உம் கூடுதல் விடுமுறை. அங்குள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பக்தியானவர்கள் என்பது காரணமில்லை. 1905-இல் அந்தப் பகுதி ஜெர்மனியின் கையில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்து பிரான்சுக்குத் திரும்பியபோது பழைய சட்டங்களோடு திரும்பியது. ஆக, சிவப்புத் தேதிகள் ஒரு நாட்டின் பக்தியைச் சொல்வதில்லை. எந்த ஆட்சி எப்போது யாரோடு சமரசம் செய்துகொண்டது என்பதைச் சொல்கின்றன.

அரசு தந்ததை அரசு எடுத்துக்கொள்ளவும் முடியும். 2003 கோடையில் பிரான்சில் வீசிய வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். அடுத்த ஆண்டு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: பெந்தகொஸ்தே திங்களன்று எல்லோரும் சம்பளமில்லாமல் வேலை செய்யட்டும், அந்தப் பணம் முதியோர் பராமரிப்புக்குப் போகட்டும். எதிர்ப்பு எழுந்தது. 2008-இல் அந்த நாளை நிறுவனங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். நான் செவிலி, முதியோருக்காக ஒரு நாள் உழைப்பதில் எனக்கு மனத்தாங்கல் துளியும் இல்லை. தூய ஆவி இறங்கி வந்ததை நினைக்கும் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான காரியம் வேறென்ன இருக்க முடியும்? ஆனால் அந்தச் சர்ச்சையில் கேட்ட குரல்களில் பெரும்பாலானவை போன விடுமுறையைப் பற்றியே பேசின. பண்டிகையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. விடுமுறை நாள் வேறு, திருநாள் வேறு என்பது அன்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

ஆகஸ்ட் 15 அன்று இந்தத் தீவைப் பார்த்தால் இரண்டையும் பக்கம் பக்கமாகக் காணலாம். மேற்குக் கரையில் சவுக்குத் தோப்புகளுக்கடியில் குடும்பங்கள் விடியலிலேயே வந்து இடம் பிடித்திருக்கும். விறகடுப்பில் பெரிய அலுமினியச் சட்டிகளில் கறி கொதிக்கும். வாரமெல்லாம் உழைத்தவர்கள் நிழலில் படுத்துப் பேசிச் சிரிப்பதும் நல்ல காரியந்தான். அதே நேரத்தில் சேன்த் மரி பக்கம் ரிவியேர் தே ப்ளுய் ஊரில் கறுப்பு மாதாவின் சிறு கோயிலுக்குக் கூட்டம் நடந்து போய்க்கொண்டிருக்கும். தப்பியோடிய அடிமை ஒருவனைத் துரத்தி வந்தவர்களிடமிருந்து காகிதப்பூச் செடியொன்று மறைத்துக் காப்பாற்றியது, அது மாதாவின் செயல் என்பது அந்த இடத்தின் கதை. அங்கே வரிசையில் மல்லிகை மாலையோடு நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்குத் தமிழ்க் குடும்பப் பெயர் இருக்கும். ஒரே விடுப்புத்தான். அதைத் திருநாளாக்கியது அவர்கள் நடை.

இந்தத் தமிழ்க் குடும்பங்களின் கதைக்கு வருகிறேன். இவர்களை இங்கே மல்பார் என்பார்கள். பெரும்பாலும் தமிழ் மண்ணிலிருந்து, புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்கள் வழியாக, கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகளுக்குக் கை தேவைப்பட்டது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். இவர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு 1882-இல் ஆங்கிலேய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை அது நடந்தது. அந்தக் கால ஒப்பந்தங்களில் பொங்கலுக்கு விடுப்பு உண்டென்று எழுதியிருந்தார்கள். ஒப்பந்தக் கூலிக்கு எழுத்தில் இருந்த பொங்கல், இன்று முழுக் குடியுரிமை பெற்ற அவன் கொள்ளுப்பேரனுக்குச் சட்டத்தில் இல்லை. இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் அந்தப் பழைய விடுப்பு அன்பினால் தரப்படவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். ஆட்கள் ஓடிப்போகாமல் இருக்கவும் அடுத்த கப்பல் நிறையவும் அது தேவைப்பட்டது.

விடுப்பு எழுத்தில் இருந்ததாலா அவர்கள் தெய்வங்கள் பிழைத்தன? அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஞானஸ்நானம் பெற்றார்கள், பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள், ஞாயிறு பூசைக்குப் போனார்கள். பேசும் மொழி கிரியோல் ஆனது. ஆலைக்குப் பின்னால் தகரக் கூரைக்கடியில் மாரியம்மனும் காளியும் மதுரைவீரனும் இருந்துகொண்டே இருந்தார்கள். பாரதக் கதையை இரவு முழுக்க ஆடும் நாடகம் மொழி புரியாதவர்கள் நடுவிலும் தொடர்ந்தது. எந்த அரசாணையும் அதைக் காக்கவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு செவிலி உதவியாளர் இருக்கிறார். ஆண்டுதோறும் தீ மிதிப்பவர். கொடியேறியதும் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய காப்பு கட்டுவார். அதிலிருந்து 18 நாள் நோன்பு. இங்கே அதைக் கரேம் என்பார்கள். மாமிசமில்லை, மதுவில்லை, பாயில் படுக்கை, தனிச் சமையல். சிக்கல் காப்பில் வரும். நோயாளியின் ரத்தக் குழாயைத் தொடுபவர்களுக்கு முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது. மோதிரம் கூடாது, கடிகாரம் கூடாது, கயிறு கூடாது. கிருமித் தொற்றுக்கு எதிரான விதி அது; நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. அதை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அவரும் கேட்க மாட்டார். காப்பை அவிழ்க்கவும் முடியாது. ஆகவே காப்புக் கட்டும் நாளிலிருந்து தீ மிதிக்கும் நாள் வரை தன் ஆண்டு விடுப்பிலிருந்து எழுதிக் கொடுப்பார். பிரான்சில் ஊழியருக்கு ஆண்டுக்கு ஐந்து வாரச் சம்பள விடுப்பு உண்டு. அதில் பாதியை அம்மனுக்குக் கொடுத்துவிடுகிறார். மீதியில்தான் மனைவி பிள்ளைகளோடு மலைக்கோ கடலுக்கோ போவது.

ஒரு முறை கோயிலுக்குப் போயிருந்தேன். பகல் முழுக்க எரிந்து அடங்கிய தணலை நீண்ட மூங்கில்களால் பரப்பிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். முகத்தில் அறையும் வெக்கை. தீக்குழியின் மறுகோடியில் பால்குழி. ஆற்றில் குளித்து மஞ்சள் வேட்டியோடு ஊர்வலமாக வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நம் உதவியாளர் இறங்கினார்; ஓடவில்லை, நடந்தார். வேலைக்குத் திரும்பியபோது ஒரு நோயாளி அவரிடம் ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டார். குழந்தை பிழைத்ததற்குக் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான் என்றார்.

புனித நாள் என்பதைப் பற்றி எனக்குள்ள எண்ணம் அவரைப் பார்த்து உருவானது. நோன்பின் உயிர் கொடுப்பதில் இருக்கிறது. பசியைக் கொடுக்கிறோம், தூக்கத்தைக் கொடுக்கிறோம், கூலியைக் கொடுக்கிறோம். நம்முடையதல்லாத ஒன்றை நாம் கொடுக்க முடியாது. அரசு ஒரு நாளை இலவசமாகக் கையில் தந்துவிட்டால் அந்த நாளில் நாம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று புதிதாகத் தேட வேண்டியிருக்கும். தேடுகிறவர்களும் உண்டு, ரிவியேர் தே ப்ளுய்க்கு நடந்து போகிறவர்கள் அப்படித் தேடியவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வதுதான் புனிதம் என்ற எண்ணமே எல்லா மதத்துக்கும் பொதுவானது இல்லை. ஏழாம் நாள் ஓய்வு யூத மரபில் பிறந்தது. கிறிஸ்தவத்தில் அது ஞாயிறாயிற்று. சபையைப் பிரித்த மறு ஆண்டே, 1906-இல், பிரெஞ்சுக் குடியரசு ஞாயிறு ஓய்வைத் தொழிலாளர் உரிமையாகச் சட்டமாக்கியது. இஸ்லாமிய மரபில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தொழிலுக்குத் திரும்பத் தடையில்லை. நம் மரபிலோ திருநாள் என்றால் வேலை கூடும். பொங்கலன்று எந்த வீட்டில் பெண்கள் ஓய்ந்திருக்கிறார்கள்? தேர் இழுப்பதும் கூழ் காய்ச்சுவதும் விறகடுக்குவதும் உடலுழைப்பே. ஆயுத பூசையன்று ஓய்வு உண்டு. அந்த ஓய்வு முதலில் அரிவாளுக்கும் ஏருக்கும் புத்தகத்துக்கும், பிறகுதான் அவற்றைப் பிடிக்கும் கைக்கு. ஆகவே எங்களுக்கும் ஒரு சிவப்புத் தேதி தாருங்கள் என்று கேட்கும்போது, நம் திருநாளை இன்னொரு மரபின் அளவுக்குத் தைத்துக்கொள்கிறோம் என்பதையும் அறிந்தே கேட்க வேண்டும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் அநீதிக்குத் துணைபோனவளாவேன். சொந்த விடுப்பைச் செலவழித்து நோன்பிருப்பது அழகு என்று சிவப்புத் தேதி உள்ளவர்கள் மற்றவர்களுக்கு உபதேசம் செய்யக்கூடாது. ஒருவருக்குக் கிறிஸ்துமஸ் சும்மா வருகிறது; இன்னொருவர் தீபாவளிக்கு மேலதிகாரி முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. கொடுப்பது தானாகக் கொடுப்பதாக இருக்க வேண்டும். ஒரு சாராரிடம் மட்டும் வாங்கினால் அது வரி.

இதற்கு முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2003-இல் மதச்சார்பின்மையை ஆராய அமைத்த ஸ்தாசி குழு, யூதரின் யோம் கிப்பூரையும் முஸ்லிம்களின் தியாகத் திருநாளையும் பள்ளி விடுமுறையாக்கலாம் என்றது. அரசு ஏற்கவில்லை. அரசு ஊழியர்கள் மதப் பண்டிகைக்கு அனுமதி விடுப்புக் கேட்கலாம் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதற்கான 2012-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆர்த்தடாக்ஸ், ஆர்மேனிய, இஸ்லாமிய, யூத, பௌத்தப் பண்டிகைகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. இந்துப் பண்டிகை ஒன்றுகூட இல்லை. பாரிசிலிருந்து பார்த்தால் இந்தத் தீவு எவ்வளவு தொலைவு என்று அந்தத் தாள் சொல்லும். 2015 பிப்ரவரியில் ரீயூனியன் உறுப்பினர் எரிக்கா பாரெய்ட்ஸ் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: கடல்கடந்த மாவட்டங்கள் சில கிறிஸ்தவ விடுமுறைகளுக்குப் பதிலாகத் தங்கள் மக்களின் பண்டிகைகளை வைத்துக்கொள்ள வழி செய்வது. கீழவை அதை ஏற்றபோது தீவு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நாட்காட்டி இன்றுவரை மாறவில்லை.

அந்த வாதத்தை எங்கள் பிரிவில் நாள் முழுக்கக் கேட்டேன். இயந்திரத்தோடு கட்டுண்டு நான்கு மணி நேரம் படுத்திருப்பவர்களுக்குப் பேசுவதற்கு நேரம் உண்டு. ஒரு மல்பார்ப் பாட்டி இருந்தார். கழுத்தில் ஒரே சங்கிலியில் தாலியும் மாதா பதக்கமும். செப்டம்பர் 19-இல் சேன் லூ ஊரின் சலேத் மாதாவுக்குப் போவார். 1859-இல் தீவைக் காலரா வாரிக்கொண்டு போனபோது அந்த ஊரைக் காத்தவள் என்று எல்லா மதத்தாரும் போகும் இடம் அது. ஏப்ரல் 19-இல் சாலையோரச் செம்மண்டபத்தில் புனித எக்ஸ்பெதிக்கு மெழுகுவர்த்தி. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ். ஆகஸ்ட் 15-ஐ எடுத்துவிட்டுத் தீபாவளி தருகிறோம் என்றால் வேண்டுமா என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார். "என் அம்மாவை விற்று என் அப்பாவை வாங்கச் சொல்கிறாயா?" என்றார் பாட்டி. பிரிவு முழுக்க அமைதியானது.

மாற்றாகப் பக்கத்துத் தீவான மொரீஷியஸ் இருக்கிறது. அங்கே தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. மகா சிவராத்திரி, உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, ரம்ஜான், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் நாள் உண்டு. அடிமை முறை ஒழிந்ததற்குப் பிப்ரவரி 1, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கியதற்கு நவம்பர் 2. ஒருவருடைய திருநாளில் நாடே நிற்பது பெரிய மரியாதை. அதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அந்த வழியில் அரசு முதலில் மக்களைப் பிரித்து எண்ண வேண்டும். நீ யார் என்று ஒரே பதில் கேட்க வேண்டும். எங்கள் பாட்டி போன்றவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முன்னோருக்குப் படையலிடும் மடகாஸ்கர் வம்சத்தவர், கொமோரோவிலிருந்து வந்தவர், குவான் தி கோயிலுக்குப் போகும் சீனர் ஆகியோருக்கு எத்தனை தலை இருந்தால் ஒரு நாள்? தெய்வங்களைத் தலை எண்ணி வரிசைப்படுத்துவது அரசுக்கும் தகாது, தெய்வத்துக்கும் தகாது.

இங்கேதான் டிசம்பர் 20 எனக்குப் பாடமாகிறது. 1848 ஏப்ரல் 27 ஆணையைக் கொண்டுவந்த ஆணையர் சர்தா கரிகா, டிசம்பர் 20-இல் சேன் தெனியில் விடுதலையை அறிவித்தார். 62,000 பேர் போல விடுதலை பெற்றார்கள், தீவின் மக்களில் பாதிக்கும் மேல். அதற்கு முன்பே ஒவ்வொருவரும் ஏதாவதொரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் அவரே ஆணையிட்டிருந்தார். நூறாண்டுக்கு மேல் அந்த நாளை ஆட்சியாளர்கள் நினைவுகூர விரும்பவில்லை. அது லிச்சிப் பழக் காலம். மரங்கள் சிவந்து தொங்கும். லிச்சித் திருவிழா என்று பெயர் மாற்றி அந்த நாளின் பொருளை மறைத்த காலமும் இருந்தது. மக்கள் மறக்கவில்லை. தோட்டத்துப் புறங்களில் உருட்டு முரசும் கயாம்ப் என்ற கருவியும் வைத்து மலோயா என்னும் தங்கள் பாடல்களைப் பாடினார்கள். 1983-இல்தான் சட்டம் வந்தது. டிசம்பர் 20 விடுமுறையானது. 2009-இல் யுனெஸ்கோ மலோயாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

மக்கள் காத்த நாள் அது. சட்டம் பிறகு வந்து வணங்கியது. அந்த வரிசையே சரியான வரிசை. அடிமைகளின் வாரிசுகளுக்கு மட்டும் விடுப்பு என்று சட்டம் சொல்லவில்லை என்பதும் முக்கியம். அடிமை வைத்திருந்தவர்களின் வாரிசும் அன்று கடையை அடைக்கிறார். மல்பார்களுக்கும் அது சொந்த நாள். விடுதலை பெற்றவர்கள் வெளியேறிய குடிசைகளில்தான் நம் ஆட்களைக் குடிவைத்தார்கள். அவர்கள் கீழே போட்ட வெட்டுக்கத்தியைத்தான் நம் ஆட்கள் எடுத்தார்கள். ஒரு சாராரின் காயம் எல்லோருடைய நினைவாக ஆனது. அதற்கு யாரும் தன் தெய்வத்தின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பிரிவில் டிசம்பர் 20 கவனமான நாள். லிச்சியில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் இயங்காதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். அளவாகத்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவோம். இங்கே காஃப் என்று அழைக்கப்படும் ஆப்பிரிக்க வம்சத்தவரான ஒரு முதிய நோயாளி இரண்டே பழங்களைக் கைக்குட்டையில் பொதிந்து வருவார். ஒன்று தனக்கு, ஒன்று பெயர் தெரியாத தன் பாட்டனுக்கு. தனக்குரியதை இயந்திரம் ஓடும்போதே உரித்துச் சாப்பிடுவார். மற்றதை வீட்டுக்கு எடுத்துப் போவார். அவர் அதைத் தின்னும் விதத்தில் எந்தக் கோயில் பிரசாதத்துக்கும் குறையாத மரியாதை இருக்கும்.

ஆகவே என் எண்ணம் இது. இருக்கும் நாட்களில் ஒன்றையும் பறிக்க வேண்டாம். ஆகஸ்ட் 15 கத்தோலிக்கருக்கு மட்டும் சொந்தமில்லை என்று அந்த மல்லிகை மாலைகள் சொல்லிவிட்டன. உழைக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு நாள், காரணம் கேட்காமல், மறுக்க முடியாத உரிமையாகச் சட்டம் தரட்டும். நம் ஊரில் மத்திய அரசு ஊழியர்களுக்குப் பட்டியலிலிருந்து இரண்டு வரையறுக்கப்பட்ட விடுப்பு உண்டு. நாகூர்க் கந்தூரிக்கும் வேளாங்கண்ணிக்கும் உள்ளூர் விடுமுறை விட்டு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை வாங்கும் வழக்கமும் உண்டு. இங்கே பட்டியல்கூட வேண்டாம் என்பேன். எந்தத் தெய்வத்துக்கு என்று அரசு கேட்க வேண்டாம். தெய்வம் இல்லாதவரும் எடுத்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு நாளைத் தாண்டி நோன்புக்கு நாள் வேண்டுபவர் தன்னுடையதிலிருந்து கொடுப்பார்; அது அவருக்கும் அவர் வாக்குக் கொடுத்தவருக்கும் இடையிலான காரியம்.

சட்டம் வரும் வரை என் மேசைமேல் பட்டியல் இருக்கிறது. எங்கள் பிரிவில் கிறிஸ்துமஸ் இரவைக் குஜராத்தி முஸ்லிம் செவிலி ஏற்கிறார். ரம்ஜான் காலையை வெள்ளைக்காரச் செவிலி ஏற்கிறார். தீபாவளியன்று டிசம்பர் 20-இல் வீட்டில் இருக்கப்போகிறவர் வருகிறார். டிசம்பர் 20 அன்று நான் வருகிறேன். இதை நான் உத்தரவாகப் போடவில்லை. அவர்களே வந்து தங்களுக்குள் பேசிச் சொன்னார்கள். ஒருவர் இன்னொருவரின் திருநாள் எப்போது வருகிறது என்று தெரிந்துவைத்திருப்பதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. முஸ்லிம் செவிலிக்குப் பிறை எப்போது தெரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு தேதிகளுக்கும் மாற்று ஆள் எழுதிவைக்கிறோம்.

பிறந்த நாளிலிருந்து என் தெய்வத்தை வணங்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டதில்லை. அரசிடம் நான் கேட்பது அந்த அனுமதியை அல்ல. வணங்கப் போகிறவளைக் கெஞ்சவைக்காதே என்று மட்டும் கேட்கிறேன். அதைக் கேட்கும் தகுதி, அடுத்தவர் திருநாளன்று அவர் நோயாளிகளை நான் பார்த்துக்கொள்ளும்போதுதான் எனக்கு வருகிறது. அப்படிப் பார்த்துக்கொள்ளும் மணி நேரங்களும் நோன்புதான் என்று நான் நம்புகிறேன். எந்தத் தெய்வமும் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.